நெடுமாறன் திருத்திய விமானச் சத்தங்கள்

நெடுமாறன் ஏரோப்ளேன் ஓட்டப் படித்துவிட்டானாம், நிலக்கரி மைன்ஸ் வேலையை விடப் போகிறானாம். வடலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, என் கூட்டாளி பிரவின்குமார் மஸ்கட்டில் இருக்கும் எனக்கு போன் போட்டுச் சொன்னான். அது 2013. நெடுமாறன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். என் தங்கை வெண்மதியின் புருஷன். கான்ட்ராக்ட்தான் என்றாலும் பதினொரு வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வேலை அது. தங்கையைக் கூப்பிட்டேன்.

"ஓட்டவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. கம்ப்யூட்டர்ல இருக்குற ஏரோப்ளேனுக்கு ரிப்பேர் பாத்துகினு இருக்காரு. வூட்ல மிக்ஸி கத்துது, அதப் பாக்க ஆளில்ல."

மகள் இசைப்பிரியாவுக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்று இருந்திருக்கிறது. அதில் புரொப்பல்லர் விமானத்தைக் கிளப்பினால் ஜெட் மாதிரி இரைந்தது. விமானத்தில் ஏறியதே இல்லாதவனுக்கு அது பொறுக்கவில்லை. மைன்ஸ் டவுன்ஷிப் ஓடுதளத்தில் எப்போதாவது இறங்கும் சின்ன விமானங்களை, பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வடக்குத்திலிருந்து கேட்டவன். தவிர, அவனுக்கு வேலையே கேட்பதுதான். கரி போகும் பெல்ட்டின் ஓரமாக நடந்துகொண்டே, அடியில் சுழலும் ரோலர்களில் எது கெடப்போகிறது என்று காதால் பிடித்து சாக்பீஸில் குறி போடுவான். பின்னால் வருகிறவர்கள் கழற்றி மாற்றுவார்கள்.

சிமுலேட்டரில் ஒவ்வொரு விமானமும் எந்தச் சத்தத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதியிருக்கும். தப்பாக இருந்தால் திருத்துவான். சத்தமே சரியில்லையென்றால், பயணிகள் இணையத்தில் போட்ட வீடியோக்களிலிருந்து வெட்டி, ஒட்டு தெரியாமல் சேர்ப்பான். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்காருவான்.

"இதுக்கு யாருங்க சம்பளம் தராங்க?" என்பாள் வெண்மதி.

"நீ சீரியல் பாக்கறதுக்கு யாரு தராங்க?"

திருத்தியதை வெளிநாட்டுக்காரர்களின் ஃபோரம் ஒன்றில் போடுவான். இங்கிலீஷ் அவனுக்குத் தகராறு. வருகிற பதில்களை எனக்கு அனுப்புவான்; நான் போனில் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் பாராட்டாகவே வந்தது. இந்தச் சித்திரையிலிருந்து மாறிவிட்டது. என்ஜின் இரைச்சலோடு வரும் விசில் காதைக் குத்துகிறது என்றார் ஒருவர். பத்து நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன் என்றார் இன்னொருவர்.

"என்னா மச்சான் எழுதியிருக்கானுங்க?"

"நல்லாருக்குன்னுதான் மாப்ள. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாம்."

"ஜாஸ்தியா? எனக்குப் பத்தவே இல்லியே. இன்னும் ஏத்தலாம்னு பாத்துகினு இருக்கேன்."

அன்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பேச்சே இழுத்துக்கொண்டு போனது. எனக்கும் அசதி. உள்ளதைச் சொல்லி நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஐந்தாறு பதில்களையும் அப்படித்தான் தண்ணீர் ஊற்றிச் சொன்னேன்.

போன வாரம் அவனே கூப்பிட்டான். "பர்மனன்ட் லிஸ்ட்ல பேரு வந்துடுச்சு மச்சான். வியாழக்கெழம மெடிக்கல். கண்ணு, காது, நெஞ்சு எல்லாம் பாப்பாங்க. தேறலன்னா பேர எடுத்துடுவாங்க. ஒடம்பு முடியலன்னா உள்ள போறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்து ஒருதடவ தேதி தள்ளிக்கலாம். எனக்கென்ன, கல்லு மாரி இருக்கேன்."

இன்று வியாழன். காலையில் ஆபீஸ் பஸ்ஸில், அவன் கடைசியாகத் திருத்திய சத்தத்தை முதல் தடவையாக நானே ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். இரைச்சல் அச்சு அசலாக விமானம்தான். அதற்கு மேலே ஊசி மாதிரி ஒரு விசில். சட்டென்று கழற்றினேன், பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார். காது கேட்கிறவன் இப்படி வைக்கமாட்டான். தனக்குக் கேட்கும்வரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான்.

காதில் அழுக்கோ, ஹெட்போனோ, வயசோ, தெரியவில்லை. இன்றைக்குத் தேதியைத் தள்ளிவிட்டு, டாக்டரிடம் காட்டி அப்புறம் மெடிக்கலுக்குப் போனால் தேறினாலும் தேறலாம். சித்திரையிலேயே நான் உள்ளபடி சொல்லியிருந்தால் காட்டியிருப்பான்.

வெண்மதியைக் கூப்பிட்டேன்.

"இப்பதாண்ணா கெளம்பினாரு. பத்து மணிக்கு உள்ள கூப்புடுவாங்களாம். என்னாண்ணா, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

அங்கே மணி ஒன்பது நாற்பது. நெடுமாறன் நம்பரை அழுத்தினேன். முழுசாக அடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.