பின்பலகையில் எழுதியிருந்தது

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். அத்தான் உயிரோடு இருந்தபோதே சொன்னவள் நான். இப்போது மட்டும் எதற்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்? முப்பத்தைந்து வருஷம் என் அக்காவோடு குடும்பம் நடத்தினார். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். பேசவும் மாட்டார். ஊரார் வீட்டுக்கெல்லாம் பீரோவும் மேஜையும் செய்து கொடுத்த தச்சர், சொந்த வீட்டுச் சமையலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடவில்லை. அக்கா அதை அவர் போகும்வரை கயிற்றால்தான் கட்டி வைத்திருந்தாள்.

அக்காவுக்கு அவர் கொண்டுவந்து கொடுத்த யுகுலேலே என்ற குட்டி வாத்தியம் ஒன்றுக்காகத்தான் நான் அவரை மன்னித்து வைத்திருந்தேன்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வெள்ளைத் துணி மலை மாதிரி வந்து விழும். இவள் நாலு மூலையும் சேர்த்துச் சேர்த்து மடிப்பாள். அங்கே அவளுக்கு மடிப்பம்மா என்றுதான் பேர். கை மட்டும் குழந்தைக் கை. பெரிய போர்வையை அந்தக் கையால் அவள் பிடித்து இழுப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். கூடவே பாட்டுப் பைத்தியம். கிட்டார் வாசிக்க ஆசைப்பட்டு யாரிடமோ வாங்கிப் பார்த்தாள். விரல் எட்டவில்லை.

கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் பட்டறையிலிருந்து ஒரு யுகுலேலேயைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். நாலே நாலு கம்பி, கிட்டார் பெற்ற குட்டி மாதிரி. "பிடிச்சுப் பாரு" என்றார். பிடித்தாள். கழுத்து அவள் கைக்குள் அப்படியே அடங்கியது. கடையில் விற்பதையும் அவள் பிடித்துப் பார்த்திருக்கிறாள். எதுவும் இவ்வளவு மெல்லிசாக இருந்ததில்லை.

"என் கையை எப்போ அளந்தீங்க?" என்று கேட்டாளாம். அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே இருபத்தாறு வருஷம் ஓட்டினாள் என் அக்கா. நான் அவரைத் திட்ட ஆரம்பித்தால் போதும், "தூங்கும்போது அளந்திருப்பாருடி" என்று வாயை அடைத்துவிடுவாள். தானாகவே கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் துணி காய்கிற நேரத்தில் வாசிப்பாள். சுமாராகத்தான் வாசிப்பாள், சும்மா சொல்லக்கூடாது, முகம் மட்டும் பதினாறு வயசுக்குப் போய்விடும்.

அத்தான் போய் இரண்டாவது வருஷம் அவளுக்குக் கண்புரை. விரல் மூட்டுகளும் வீங்கி, கம்பியை அழுத்தினால் வலியில் உயிர் போயிற்று. கண் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். என் வீட்டிலும் அப்போது கையைக் கடித்துக்கொண்டிருந்தது. "வித்துடுக்கா. வாசிக்க முடியாததைச் சுவத்துல மாட்டி என்ன பண்ணப் போற?" என்று சொன்னது நான்தான். இதை மறைத்து என்ன லாபம்.

முதலில் வந்தவர் விரல் தடித்த ஆள். "தம்பி, உங்க ஒரு விரலே ரெண்டு கம்பியை மூடிடும்" என்று அனுப்பிவிட்டாள். அடுத்தவர் கேட்டதைவிட அதிகம் தருகிறேன் என்றார். கடை ஷோகேஸில் அழகுக்கு வைக்கவாம். "பொம்மை வேணும்னா பொம்மைக் கடைக்குப் போங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ யுகுலேலே விக்கிறியா, மாப்பிள்ளை பாக்கறியா?"

"வாசிக்கற கை வேணும்டி. சின்னக் கையா இருக்கணும்" என்றாள்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பாட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவர், ஆளே குருவி மாதிரி. அக்கா தன் உள்ளங்கையை அவர் உள்ளங்கைமேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு பேரமே இல்லை. ஒரே ஒரு கண்டிஷன் மட்டும் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு எந்தச் சாமானையும் மூடறதுக்கு முன்னாடி, யாருக்குச் செஞ்சதுன்னு உள்பக்கம் பென்சில்ல எழுதுவாரு டீச்சர். இதுக்குள்ள என் பேரு இருக்கும். என்னைக்காவது பிரிக்க வேண்டி வந்தா அழிச்சிடாதீங்க."

அது உண்மைதான். எந்த வீட்டு பீரோவைப் பிரித்தாலும் அந்த வீட்டுக்காரர் பேர் உள்ளே இருக்கும். டீச்சர் தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். சுவரில் ஆணி மட்டும் நின்றது. இரண்டு நாள் அக்கா என்னோடு பேசவில்லை.

வலது கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இடது கண்ணுக்கு அடுத்த மாசம் ஒரு வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். புதுக் கண்ணோடு அவள் முதலில் கண்டுபிடித்தது என் வீட்டு ஒட்டடை. "இவ்வளவு நாளா இப்படியா வச்சிருந்தே?" என்றாள். நல்லதுக்குக் காலமில்லை.

வியாழனுக்கு நாலு நாள் இருக்கும்போது, நான் அக்கா வீட்டில் இருந்த நேரத்தில் டீச்சர் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு மெல்லிய பலகை.

"யுகுலேலே ஓரத்துல ஒட்டு விட்டுக்கிச்சும்மா. ஒட்டக் கொடுத்தேன். பின்பலகையைக் கழட்டினா, நீங்க சொன்ன மாதிரியே உள்ள எழுதியிருக்கு. எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியல. மூடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாக்கணும்னு தோணுச்சு."

எப்படிப் புரியும்? அத்தான் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். மரக்கடைக்கு அவர் எழுதுகிற சீட்டை அக்காதான் கூடப் போய்ப் படித்துக் காட்டுவாள். உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

ஜன்னலோரம் போய்ப் படித்தாள். புதுக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றதால் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்காரு?"

"என் பேருதான் டீச்சர். கை அளவும் போட்டிருக்காரு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "பசங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லப் போறேன்மா" என்று பலகையைக் குழந்தையைப் போலச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் மனசு இளகிவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "அத்தானை நான்தான் தப்பா நினைச்சுட்டேன்க்கா" என்றேன்.

அக்கா மரக்கடையில் சீட்டு படிக்கிற அதே குரலில் சொன்னாள்:

"பல் டாக்டர் வீட்டுப் பாப்பா. வயசு எட்டு. கழுத்து மெல்லிசா வேணும். அதுமேல ஒரு கோடு அடிச்சிருக்கு. கீழே, 'வேண்டாமாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்.'"

அந்த மனுஷன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை, 'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கு அவர் சொல்லியிருக்கக் கூடாதா?

"அவரு எங்கடி பொய் சொன்னாரு? நானாக் கேட்டேன். அவரு சிரிச்சாரு."

சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சுவரிலிருந்த ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். அந்த வீங்கின விரலால் அது லேசில் வரவில்லை. நான் போய்ப் பிடிக்கப் பார்த்தேன், விடவில்லை. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் காலைலயே கிளம்பணும்க்கா. அந்தக் கண்ணும் சரியாயிடும்" என்றேன்.

ஆணியைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"வேணாம்டி. ஒரு கண்ணுல பாத்ததே போதும்."