காம்பு பார்த்து அடுக்கிய இலை

பெட்டி தைத்து விரல் நுனி வெடித்தவர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர். யாழ்ப்பாணமெல்லாம் பனையோலையில் பெட்டி இழைக்க, நான் பைன் மரத்து இலையில் தைத்தேன். ஊசிபோல நீண்ட இலை. ஊறவைத்து, கற்றையாய்ச் சுருட்டி, நூலால் தைத்துப்போக வேண்டும். மலைநாட்டுப் பண்டாரவளையில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் சாக்குச் சாக்காய் அனுப்புவார். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் அங்கிருந்து உடுத்த துணியோடு ஊரான உடுப்பிட்டிக்கு ஓடி வந்தோம். அவர் மட்டும் திரும்பிப் போனார். கடை அவருக்கு உயிர்.

வார்னிஷ் பிட்டு

முதலில் வாங்கியவர் முன்வீட்டு ராசம்மாக்கா. கூம்பாய்த் தைத்த பூப்பெட்டி ஒன்று. அதைப் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி என்று நினைத்து அவித்துவிட்டார். பைன் மணம் லேசில் போகாது. மறுநாள் பெட்டியோடு வந்து நின்றார். "பிள்ளை, என்ரை மனிசன் கேக்கிறார், வார்னிஷிலையோ பிட்டு அவிச்சனீ எண்டு."

ஒரு பக்கக் காம்பு

இலையின் அடியில் சின்னக் காம்பு உண்டு. காம்பெல்லாம் ஒரு பக்கம் இருந்தால்தான் கற்றை ஒழுங்காய் வரும். இலை தலைகீழாய்க் கலந்து வருகிறது என்று நான் ஒருமுறை கடிதத்தில் சலித்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பிடியையும் காம்பு பார்த்து அடுக்கி, வாழைநாரால் கட்டித்தான் அனுப்புவார். கடையில் ஆள் நிற்கும்போதும் இதே வேலையாம். என்னோடு தைக்கும் மச்சாள், இவருடைய தங்கச்சி, சிரிப்பார். "அண்ணை தன்ரை தலையை ஒருநாளும் இப்பிடி வாரினதில்லை."

கடைசிச் சாக்கு

தொண்ணூறில் சண்டை மூண்டு, சாக்கு வந்துகொண்டிருந்த ரயில் நின்றது. கடிதமும் நின்றது. சாக்கு வந்தால் ஆள் இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வந்தது. கிளாலிக் கடலால் படகேறி வந்த, பண்டாரவளையில் இவருக்குப் பக்கத்துக் கடைக்காரர் தந்துவிட்டு, "சுகமாய் இருக்கிறார், வேலை கூட" என்றார். தேத்தண்ணி ஊற்றுமுன் போய்விட்டார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. இலை ஊறவைக்கத் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். மச்சாள் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். ஒரு கட்டும் இல்லை. காம்பும் நுனியும் கலந்து, நடுவில் சருகும் மண்ணும். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் மச்சாள் வாய் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு அடுப்பை ஊதினேன். "இது அண்ணை கட்டினதில்லை. ஆரோ கூட்டி அள்ளினது."

பிறகு அறிந்தோம், அப்போதே இவர் காய்ச்சலில் கண்மூடிச் சில மாதம். அந்த மனிதர் வெறுங்கையோடு வர மனமில்லாமல் இலை அள்ளி வந்திருக்கிறார். என் முகத்தைக் கண்டதும் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டி வேலையிலேயே நேரத்தைத் தின்னும் மினக்கெட்ட வேலை காம்பு பார்த்து அடுக்குவதுதான் என்பது, அந்தச் சாக்கை நானே அடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.