முழங்காலைத் தூக்கி வலை இழுத்தவன்

கொடைக்கானலில் ஒரு ஓட்டல். அதன் சாப்பாட்டு ஹாலில், சுவர் முழுக்கக் கடல் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. மலையைப் பார்க்க வந்தவனுக்குக் கடல் எதற்கு என்று கேட்க ஒரு ஆளில்லை. வரைந்த டிக்சன் பக்கத்து மலைக்கிராமமான பூண்டிக்காரன். கடலைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. வலை இழுப்பவன் எப்படி நிற்பான் என்று தெரியாமல், ஊரில் கேரட் கழுவிக்கொண்டிருந்த சிலுவைராஜைப் பார்த்து வரைந்துவிட்டான். தொட்டித் தண்ணீரில் கேரட்டைக் கொட்டி, பிடிமானத்துக்கு எதிரே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, முழங்காலைத் தூக்கித் தூக்கி மிதிப்பார்கள். சுவரிலும் அதே கயிறு, அதே முழங்கால், அதே சிரிப்பு. காலடியில் மட்டும் கேரட்டுக்குப் பதில் அலை.

போன மழையில் கேரட் லாரி பள்ளத்தில் உருண்டு சிலுவைராஜ் செத்துப்போனான். அவன் அம்மா கித்தேரியம்மாள் அந்த ஓட்டலில்தான் தரை துடைக்கிறாள். வீட்டில் மாட்டியிருப்பது ஆதார் படத்தைப் பெரிதாக்கியது. அதில் திருடனைப் போல முழிக்கிறான். வேலை செய்து சிரிக்கிற பிள்ளையைப் பார்க்க அவளுக்கு இந்தச் சுவரை விட்டால் கதியில்லை.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.

"வலை இழுக்கானா, சைக்கிள் மிதிக்கானா?"

வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். மேனேஜருக்கு மானம் போயிற்று. டிக்சனை வரவழைத்து அந்த ஆளை அழிக்கச் சொன்னார்.

கித்தேரியம்மாள் ஓடிவந்து மேனேஜரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சோலி சொன்னாலும் செய்யுறேங்க சார். என் பிள்ளைய மட்டும் அழிச்சிராதீங்க."

மேனேஜர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதுதான் வினையாகப் போனது.

"அழாதீங்கம்மா. டிக்சன், ஃபேஸ் இருக்கட்டும். கால்தானே ப்ராப்ளம்? தண்ணியை மேல ஏத்திரு."

டிக்சன் நீலத்தைக் குழைத்தான். முழங்கால் மறைந்தது. இடுப்பு போயிற்று. காலில்லாமல் கயிற்றைப் பிடித்து நிற்பது இன்னும் வேடிக்கையாக இருக்கவே, கயிறும் கையும் போயின. நீலம் கழுத்துக்கு வந்தபோதும் சிலுவைராஜ் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஏலே டிக்சன், நிறுத்துலே! பிள்ளை முங்குறானே!"

"அழிக்கலையே அத்தை. முகம் அப்படியேதான கெடக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். அந்த முகத்தின் கீழே இனி தினமும் துடைக்க வேண்டும்.

"மூச்சு முட்டுதுலே அவனுக்கு. வெரசா முகத்தையும் மூடிரு."

டிக்சன் மூடினான். தரையில் சிந்தியிருந்த நீலத்தை அவள்தான் துடைத்தாள்.