இறந்தவர் படிக்கும் மின்னஞ்சல்

இந்தோனேசியாவின் சோலோ நகரத்துப் பாத்திக் துணிக்கடைக்காரர்களுக்கு மின்னஞ்சல் கணக்கு பூட்டிக்கொண்டால் முதலில் நினைவுக்கு வருகிற ஆள் தர்யோனோ. இருபது வருஷம் இணைய மையம் நடத்தியவர். ஆளுக்கொரு கைபேசி வந்ததும் அதை இழுத்து மூடிவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். திருடுபோன கணக்கை மீட்டுக் கொடுப்பார், கூடவே வாய்க்கு வந்தபடி திட்டுவார். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்தவன் அவரிடம் மாட்டினால் அவ்வளவுதான், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும். ஆனால் அடுத்தவர் கடிதத்தில் ஒரு வரி படிக்க மாட்டார். அதற்காகவே ஊரார் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

லாவேயான் சந்தில் கடை வைத்திருந்த சுமார்சி அம்மாள் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவரைக் கடைக்கே வரச் சொன்னாள். கணவர் மர்கோனோ காலமாகி எட்டு மாதம். கடைக்கான ஆர்டரெல்லாம் இன்னமும் அவர் பெயரிலுள்ள மின்னஞ்சலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குள் கடவுச்சொல்லை மாற்று, இல்லாவிட்டால் பூட்டிவிடுவேன் என்று கணக்கு மிரட்டுகிறதாம்.

கணினிக்குப் பக்கத்தில் மூடி போட்ட காபி ஒன்று ஆவி பறக்க இருந்தது. யாருக்கு என்று தர்யோனோ கேட்கவில்லை. இறந்தவர்களுக்குக் காபி வைக்காத வீடு அந்தச் சந்தில் எது?

கணக்குக்குள் போய்ப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. புதிய கைபேசி ஒன்றிலிருந்து யாரோ நுழைகிறார்கள், நீங்கள்தானா என்று நான்கு எச்சரிக்கைகள். நான்குக்கும் ‘ஆமாம், நான்தான்’ என்று பதில் போயிருந்தது.

“இதை அழுத்தினது யாரு, இபு?” அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களை இபு என்பார்கள், ஆண்களைப் பாக் என்பார்கள்.

“நான்தான். அவர் சார்பா.”

அறிவிருக்கிறதா என்று தொண்டை வரை வந்தது. அம்மாள் அதற்குள் நிதானமாகச் சொன்னாள். அவள் திறப்பதற்கு முன்பே கடிதங்கள் படிக்கப்பட்டிருக்கின்றனவாம். மாதக்கணக்காக இப்படித்தானாம்.

“செத்தவங்க ஆயிரம் நாள் வரைக்கும் வீட்டுக்கு வந்து போவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா, பாக்? வந்த மனுஷனை நீ யாருன்னு கேக்கச் சொல்றீங்களா?”

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே புதிய கடிதம் ஒன்று தடித்த எழுத்தில் வந்து விழுந்தது. இருவரும் கை வைக்கவில்லை. சற்றுப் பொறுத்து அந்த எழுத்துத் தானாக மெலிந்தது. யாரோ படித்துவிட்டார்கள். எத்தனையோ திருடர்களைப் பார்த்த தர்யோனோவுக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

சுமார்சி அம்மாள் காபியின் மூடியை எடுத்துவிட்டு, திரைக்குக் கொஞ்சம் நெருக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“பூட்டு நல்லாப் போடுங்க. ஆனா அவர் வெளிய நின்னுடக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.”

நுழைந்த கைபேசி எங்கே இருக்கிறது என்று தேடினார். கடல் தாண்டி, சிங்கப்பூருக்குப் பக்கத்துப் பாத்தாம் தீவு என்றது. சந்தேகமே இல்லை, திருடன்தான். என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று வரைவுப் பெட்டியைத் திறந்தார். அனுப்பாத கடிதங்கள் இருநூறுக்கு மேல். எல்லாமே ‘அப்பா’ என்று தொடங்கின. படிக்கக் கூடாது என்று கண்ணைத் திருப்புவதற்குள் மேலே இருந்த வரி கண்ணில் பட்டுவிட்டது: அப்பா, இன்னைக்கு உன் பேரனுக்கு முதல் பல் விழுந்துச்சு.

அந்தப் பெட்டியை மூடிவிட்டு, ஆமாம் இபு, அவர்தான் என்று சொல்லிவிட்டால் என்ன? சத்தியமாகச் சொல்லிவிடத்தான் அவருக்கு ஆசை. ஆனால் கடவுச்சொல்லை மாற்றினால் அப்பா என்று எழுதுகிற அந்த ஆள் இந்தப் பெட்டிக்குள் மறுபடி வரவே முடியாது.

“இபு, இது அவர் இல்ல. உயிரோட இருக்கற ஆளு. அவரை அப்பான்னு கூப்பிடற ஆளு.”

அம்மாள் முதலில் எழுந்து போங்கள் என்றாள். அப்புறம் அவளே உட்கார்ந்து சொன்னாள். வெனிங் என்று ஒரே மகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். இந்த வீட்டில் யார் செத்தாலும் வாசல்படி மிதிக்காதே என்று சொன்னது அம்மாள்தான். மகளும் அப்பன் சாவுக்கு வரவில்லை. மர்கோனோ சத்தமில்லாமல் அவளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்திருந்திருக்கிறார்.

“அப்போ இந்த எட்டு மாசத்துல அவர் ஒரு நாள்கூட வரலியா?” என்று கேட்டாள்.

தர்யோனோ விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வேலையைத் தொடர்ந்தார்.

கடவுச்சொல்லை மாற்ற ஒரு ரகசிய எண் வேண்டும். அது நாற்பத்தேழில் முடிகிற கைபேசிக்குப் போயிருப்பதாகத் திரை சொன்னது. கணக்குக்கு மர்கோனோ கொடுத்து வைத்த எண் அது. யாருடையது என்று தர்யோனோ கேட்கும் முன்பே சுமார்சி அம்மாள் மகள் எண்ணின் பன்னிரண்டு இலக்கத்தையும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். அவர் தன் கைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு அவள் முன்னால் வைத்தார்.

“உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க,” என்றாள் அம்மாள், முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல.

“யார் கேட்டாலும் கோட் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. நீங்க யாரு?”

மர்கோனோவுக்கு அந்தப் பாடத்தைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்ததே தர்யோனோதான். எதற்கடா சொல்லிக் கொடுத்தோம் என்றிருந்தது. ரகசிய எண்ணுக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுசு. அம்மாள் கைபேசியை இன்னும் கிட்ட இழுத்தாள்.

“அம்மா,” என்றாள் கடைசியில். “அம்மா பேசறேன்.”

அந்தப் பக்கம், யாரும்மா என்று ஒரு குழந்தை கேட்டது. பிறகு ஆறு எண்கள், ஒவ்வொன்றாக வந்தன. தர்யோனோ தட்டினார்.

“திரும்பச் சொல்லு,” என்றாள் சுமார்சி அம்மாள்.

மகள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். முதல் தடவையே கணக்கு அந்த எண்ணை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று தர்யோனோ சொல்லவில்லை.