அண்ணனின் இரண்டாம் கட்டுரை

இந்த முதலாண்டு நினைவு மலரின் முதல் பக்கத்தில், அண்ணனின் படத்துக்குக் கீழே, "மலை மூலிகையில் மருந்து கண்ட மேதை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அண்ணன் அப்படி எந்த மருந்தையும் காணவில்லை. அச்சு வேலையை ஏற்றுக்கொண்ட மாமாவிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். "தலைத்தெவசத்துக்கு வாரவுக கையில கொடுக்கிற புஸ்தகம் தாயி. நல்லதா ஒரு வார்த்தை இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே எனக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் கூமாப்பட்டியில் பிறந்தார். எங்கள் தந்தையாருக்கு மலையடியில் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை பெய்த வருடம் சாப்பிட்டோம், பெய்யாத வருடம் தந்தையார் பிறர் காட்டுக்கு வேலைக்குப் போனார். மதுரையில் கல்லூரியில் சேர்ந்த புதிதில் பாடம் நடத்தும் ஆங்கிலம் புரியாமல் அண்ணன் அழுதிருக்கிறார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பிறகு மருந்து வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியரானார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் மாமாவின் மகளையே மணந்துகொண்டார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிப்பவள். அண்ணனின் கட்டுரைகளையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். எனக்குப் பொருள் விளங்காது, ஆனால் பிழை விட மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் முதல் கட்டுரை வந்தது. எங்கள் மலைக் கொடி ஒன்றின் வேரிலிருந்து அண்ணன் நிறமில்லாத ஓர் எண்ணெயைப் பிரித்தெடுத்திருந்தார். தொழிற்சாலைகளில் மட்டுமே செய்யப்படும் ஒரு பொருளை ஒரு செடி தானாகவே செய்கிறது, அது புண்ணில் சீழ் வைக்கும் கிருமியையும் அடக்குகிறது என்பது கட்டுரையின் சாரம். துறைத் தலைவரும் தம் பெயரை அதில் சேர்த்துக்கொண்டார். வெளிநாட்டு இதழ் ஒன்று வெளியிட்டது. சில மாதங்களில் கட்டுரையின் பிரதி கேட்டு அயல்நாடுகளிலிருந்து கார்டுகள் வரத் தொடங்கின. மாமா அவற்றை வாங்கிப் போய்க் கல்லாப்பெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பால்கோவா வாங்க வருபவர்களெல்லாம் மருமகனின் பெருமையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரையைப் பிறர் தங்கள் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டுவதை மேற்கோள் என்பார்கள். அந்த உலகத்தில் அதுதான் மரியாதை. அண்ணனின் கட்டுரைக்கு மேற்கோள்கள் குவிந்தன. ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா எடுத்தார்கள். சால்வையோடு அண்ணன் கூச்சப்பட்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் முழுதாக மகிழ்ந்திருந்த காலம் அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் அண்ணன் என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"வேரே போடலைட்டி. வேரை ஊறப் போடுற சால்வென்ட்ட மட்டும் காய்ச்சி வத்த வச்சேன். அதே எண்ணெய் வந்து நிக்குது."

"வேர் இல்லாம எப்படிண்ணே வரும்?"

"பீப்பாயில இருந்து சால்வென்ட்ட வடிக்கப் பிளாஸ்டிக் டியூப் போட்டிருக்கோம்ல. டியூப் வளையுறதுக்காகச் சேக்குற சாமான்தான் அந்த எண்ணெய். சால்வென்ட் அதைக் கரைச்சி இழுத்துட்டு வந்துருக்கு. செடியில ஒண்ணுமே இல்ல."

வேர் போடாமல் ஒரு முறை செய்து பார்ப்பதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். தவறு அவருடையது, அதை நான் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நீங்கள் யாரும் சொல்வதில்லை.

மறுப்பு எழுதி அனுப்பப் போவதாகத் துறைத் தலைவரிடம் சொன்னார். "யாருமே கேக்காதப்ப நீங்களா ஏன் சார் குட்டையக் குழப்புறீங்க? அதுல என் பேரும் இருக்குல்ல" என்றார் அவர். மாமா கடையிலேயே வைத்துச் சத்தம் போட்டார்.

"வெள்ளக்காரனே சரிங்கான். நீங்க என்னத்துக்கு மாப்ளே இல்லைங்கீங்க?"

"நாளைக்கு எவனாவது இதை நம்பி அந்த வேர்ல மருந்து பண்ணி ஒரு புள்ளை புண்ணுல தடவுனா? புண்ணு ஆறாது மாமா."

"நீங்களா தடவப் போறீங்க?"

மறுநாள் அண்ணன் ஒரு பக்கத்துக்கும் குறைவான மறுப்பைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அவருடைய கட்டுரைகளில் எனக்கு முழுதும் விளங்கியது அது ஒன்றுதான். நாங்கள் சொன்னது தவறு, காரணம் இது, அந்த முடிவை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று இருந்தது. முதல் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ் இதைக் கடைசிப் பக்கத்தின் அடியில் போட்டது.

அதன் பிறகு ஆய்வகச் சாவி அவரிடம் இல்லை. முதலாண்டு வகுப்புகள் மட்டும் கொடுத்தார்கள். துறைத் தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் அண்ணனிடம் படித்த ஒருவருக்குப் போனது. கல்யாண வீடுகளில் அவருடைய முனைவர் பட்டமே பொய் என்று பேசினார்கள். பேசியவர்களில் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும். அண்ணன் காதில் அது விழாமல் இல்லை.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுத்த தடித்த புத்தகங்கள் மதுரையில் ஒரு நூலகத்தில் இருந்தன. ஆண்டுதோறும் அண்ணன் அதைப் பார்க்கப் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. முதல் கட்டுரைக்குக் கீழே புதிது புதிதாகப் பெயர்கள் இருந்தன. இரண்டாவதான மறுப்பை அவர் விரல் தேடியது, அதன் பேரே அங்கே இல்லை.

"இந்த வருசமும் நம்பியிருக்காங்கட்டி" என்றார்.

மேற்கோள் காட்டியவர்களுக்கெல்லாம், வேரில் ஒன்றும் இல்லை என்று தனித்தனியாகக் கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் நான்தான் டைப் அடித்தேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். அந்த வேரில் கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அண்ணன் சிரித்தார்.

சிறுநீரகம் கெட்டு அவர் படுத்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கடைசி வாரங்களில் பேச்சு குறைந்துவிட்டது. பேசினால் மதுரைக்குப் போக வேண்டும் என்பார், இந்த ஆண்டுப் புத்தகம் வந்திருக்கும் என்பார். "அவிய கேக்கது ஒரு புஸ்தகந்தான, அதைக்கூடக் காட்ட முடியலையே" என்று மதினி என்னிடம் சொல்லி அழுதார். கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் பழைய துறைத் தலைவரும் வந்திருந்தார். உலகமே மேற்கோள் காட்டும் ஆராய்ச்சியைத் தாமும் அண்ணனும் சேர்ந்து செய்ததாகப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டலை அன்றுதான் கேட்டேன்.

உடம்பு முடியாத நாளெல்லாம் அண்ணனை ஒரு பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட மதினிக்கும், மதுரை ஆஸ்பத்திரிக்கு நினைத்த நேரத்தில் வண்டி எடுத்து வந்த ஓட்டுநருக்கும், எட்டாத அலமாரியிலிருந்து அந்தப் புத்தகங்களை முகம் சுளிக்காமல் இறக்கிக் கொடுத்த நூலகப் பணியாளருக்கும், நான் எழுதியதில் ஒரு வரியையும் வெட்டாமல் அச்சுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கைதட்டியவர்களுக்கு நன்றி சொல்ல என்னிடம் மனம் இல்லை.

அண்ணனின் இரண்டாம் கட்டுரையை ஆதாரமாகக் காட்டி அச்சில் வரும் முதல் எழுத்து, எனக்குத் தெரிந்தவரை, இதுதான். மதுரைப் புத்தகத்தில் இது ஏறாது. எழுதியவள் கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவள்.