நெற்றியில் இருந்த வட்டம்

என் செக்கிங் டேபிளைத் தாண்டி ஒரு பிசிறுகூடப் போகாது என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது. வேற்றுக்கிரகவாசிகள் வரும் சினிமாவின் இரண்டாம் பாகத்துக்காக எங்கள் பனியன் கம்பெனிக்குக் கறுப்பு டி-சர்ட் ஆர்டர் வந்தது. மார்பில் வேற்றுக்கிரகத்தான் முகம், அதன் நெற்றியில் வெளிறிய வட்டம். ஆர்டர் தாளில் ஏதோ எழுதியிருந்தார்கள். எனக்கு வாசிக்க வராது என்று காட்டிக்கொள்ள மனமில்லை. வட்டத்தைக் கறை என்று ஸ்டிக்கர் ஒட்டி, அந்த டி-சர்ட்டுகளை ஒதுக்கினேன்.

“ஆச்சி, டிசைனே அப்படித்தான். என் வேலை போயிரும்,” என்றார் திருநெல்வேலிக்காரரான பிரிண்டிங் மாஸ்டர்.

“ஏனுங்க, மொதல் பாகத்துக்கும் நாந்தானுங்க செக்கிங். அப்ப நெத்தியில ஒண்ணுமில்லீங்க. எனக்கே பாடம் நடத்தறீங்களா?”

என் பேச்சை நம்பிய சூப்பர்வைசர் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் சாப்பாட்டுப் பையை எடுக்கும்போது கரண்ட் போனது. மழை மூட்டத்தில் ஹால் இருண்டது. நான் ஒதுக்கிய குவியல் முழுக்க அந்த நெற்றி வட்டங்கள் பச்சை பச்சையாகக் கண்கள்போல் எரிந்தன; இருட்டில் ஒளிரும் மையாம். அத்தனையும் என்னையே பார்த்தன. வட்டம் இல்லையென்று நான் பாஸ் செய்த நான்கு டி-சர்ட்டுகள் மட்டும் கண் திறக்காமல் கிடந்தன.

“போகாதீங்க மாஸ்டர். தப்பு என்னுதுங்க,” என்றேன். அதற்குமுன் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போதும் ஸ்டிக்கரை எடுத்தால் ஏதோ என்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. தாளை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஒட்டுகிறேன்.