நாக்கில் வைத்த ஆறு

அது ஒன்றும் பெரிய ஆறில்லை. நாலு எட்டில் தாண்டிவிடலாம் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் நடுவில் விழுந்தவர்கள்தான். ஆனால் கடல் பக்கத்திலேயே இருந்ததால் திமிருக்குக் குறைச்சலில்லை. அலை ஏறினால் உப்புத் தண்ணீர், இறங்கினால் நல்ல தண்ணீர். எது எப்போது என்று பார்த்து, வயல் வாய்க்காலின் ஷட்டரைத் திறந்து மூடுவதுதான் ஷட்டர்காரரின் வேலை. இருபத்தாறு வருஷமாக அதற்கு அவர் நம்பிய கருவி நாக்கு ஒன்றுதான். படியிறங்கி ஒரு கை அள்ளுவார், நாக்கில் வைப்பார், துப்புவார்.

"பொண்டாட்டி பேச்சைவிட இனிப்பு. திறக்கலாம்" என்பார்.

போன மழையில் வந்த காய்ச்சல் போகும்போது ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் மூச்சு விடவில்லை. மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"உப்பு ரெண்டு தடவ விழுந்துடுச்சு. நீங்க பாட்டுக்குத் தின்னுட்டு எந்திரிச்சிட்டீங்க?"

"உன் கைப்பக்குவம் அப்படி."

அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து, சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் அவளே தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டுவாள். அவர் திறப்பார். நாக்கு போனால் வேலை போகும் என்ற பயத்தில் இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு மகளுக்குப் பிரசவம். மனைவி ஊருக்குப் போனாள். ஷட்டர்காரர் தண்ணீரின் நிறத்தை வைத்து நாலு நாள் தப்பித்தார். ஐந்தாம் நாள் திறந்தது கடலுக்கு.

வாய்க்காலின் முதல் வயல் அவர் தம்பியுடையது. இரண்டே நாளில் கத்தரி நாற்று ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. சேதி கேட்டு ஓடிவந்தவரைத் தம்பி வரப்பில் உட்கார வைத்தான்.

"அண்ணே, அன்னிக்கு நாக்குல வச்சுப் பாத்தியா?"

"வைக்காம திறப்பேனா?"

"வெயில்ல வந்திருக்க. முதல்ல தண்ணி குடி" என்று தம்பி ஒரு சொம்பை நீட்டினான். அவர் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

"எப்படியிருக்கு?"

"நல்லா ஜில்லுன்னு இருக்குடா."

தம்பி வாய்க்கால் பக்கம் திரும்பினான்.

"அது வாய்க்கால்ல மொண்டதுண்ணே."

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்துண்ணே?"

"அந்தக் காய்ச்சல்லேருந்து."

திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தெனம் நான் வந்து குடிச்சுப் பாத்திருக்க மாட்டேனாண்ணே?" என்றான் தம்பி.

அவர் எழுந்துபோய், கருகிய நாற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். பக்கத்து வரிசையில் தம்பியும் குனிந்தான்.